மூன்றாவது கேள்விக்கு எழுதிய ஐந்து எழுத்து

போன வாரம் அலுவலகத்தில் எனக்குப் புது மடிக்கணினி கொடுத்தார்கள். முதல் வேலையாக, கிளவுடோடு, அதாவது இன்டர்நெட் வழியாகக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கம்ப்யூட்டர்களோடு, பேசுவதற்கான கட்டளைக் கருவியை அதில் நிறுவினேன். இப்போது அது மூன்று நிமிட வேலை. நிறுவி முடித்ததும் கருப்புத் திரையில் அமைவுக் கட்டளையை அடித்தால், அது வழக்கமான நான்கு கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கும். உன் அடையாளச் சாவி என்ன? ரகசியச் சாவி என்ன? எந்த வட்டாரம்? பதிலை எந்த வடிவத்தில் தர வேண்டும்?

மூன்றாவது கேள்வி வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. எத்தனை வருடமானாலும் நின்றுவிடுகிறது. பக்கத்து இருக்கைப் பையன், "அக்கா, மும்பை கோடு மறந்துபோச்சா?" என்று கேட்டான். மும்பைக்கான குறியீடு எனக்குத் தூக்கத்திலும் வரும். மறக்க முடியாமல் இருப்பது வேறு ஐந்து எழுத்து.

தூத்துக்குடியில் பீச் ரோட்டுக்குப் பின்னால், சந்துக்குள் இருந்தது நான் முதலில் வேலை பார்த்த அலுவலகம். ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் காகிதம் முடித்து, கப்பலில் ஏற்றிவிடும் கிளியரிங் ஏஜென்சி. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். என் அப்பாவும் அப்படித்தான் கூப்பிட்டார், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அப்பா அங்கே பதினாறு வருடம் யார்டு சூப்பர்வைசர். அவர் இறந்த இரண்டாம் மாதம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, "பிள்ளை பி.சி.ஏ. படிச்சிருக்கால்லா, நாளைல இருந்து வரச் சொல்லுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பி.சி.ஏ. படித்த பாவத்துக்கு, பிரிண்டரில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அப்பாவின் வேலையைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இந்தக் கதை புரியாது. கன்டெய்னரை எங்கள் ஊரில் பெட்டி என்போம். பைபாஸ் பக்கத்து யார்டில் ஒரு பெட்டியில் சரக்கு அடைக்கும்போது நான்கு படம் எடுக்க வேண்டும். காலிப் பெட்டி, பாதி நிறைந்தது, முழுவதும் நிறைந்தது, கடைசியாகக் கதவைச் சாத்திப் போடுகிற, எண் பொறித்த பூட்டான சீல். அந்த நான்காவது படத்தில் சீலின் எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால், போடுவதற்கு முன்பு அதை இடது உள்ளங்கையில் வைத்து, கதவை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் போனில் எடுப்பார்; ஆபீசுக்கு அனுப்பியதும் இடம் வேண்டும் என்று போனிலிருந்து அழித்துவிடுவார். மருந்துக்குப் போகும் நிலாவரை இலையோ, தென்னை நார்க் கட்டியோ, உப்போ, எந்தச் சரக்கானாலும் நான்காவது படத்தில் அப்பாவின் இடது கை இருக்கும். ஆள்காட்டி விரல் நகம் மட்டும் கோணலாக, கருத்து இருக்கும். பெட்டிக் கதவில் நசுங்கியது.

அந்தக் கையில் இன்னொன்றும் இருக்கும். யார்டில் அடிக்கிற காற்றுக்குத் துண்டுச் சீட்டு நிற்காது. அதனால் மறக்கக் கூடாததை எல்லாம் அப்பா உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். லாரி எண், சுங்க அதிகாரி வரும் நேரம், அதற்குக் கீழேயே அம்மா சொல்லிவிட்ட கறிவேப்பிலை, எனக்கு கிராஃப் நோட்டு. சாயங்காலம் வந்ததும் கையை நீட்டி வாசித்துவிட்டு, வாங்காமல் விட்டதற்கு அம்மாவிடம் திட்டு வாங்குவார். எழுதி வைத்துக்கொண்டும் மறக்கிற ஒரே மனிதர் அவர்தான் என்பாள் அம்மா.

அவர் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மூக்குக் கண்ணாடிக்குக் கால் ஒடிந்து, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கொடுத்திருந்தார்கள். வாங்கி வரச் சொல்லி மூன்று நாள் ஆயிற்று, மூன்று நாளும் வெறுங்கையோடு வந்தார். மூன்றாம் நாள் ராத்திரி அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். மறுநாள் காலையில் சோற்றுப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா யார்டுக்குப் போய், ஒரு பெட்டியை அடைத்து முடித்து, பதினோரு மணிக்குச் சீல் போட்டு, அந்தப் பெட்டியின் நிழலிலேயே உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஆஸ்பத்திரியில் கையெல்லாம் துடைத்திருந்தார்கள்.

இரண்டு வருடம் அம்மா அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியை மட்டும் அவளே ஒருநாள் போய் வாங்கி வந்து போட்டுக்கொண்டாள்.

அலுவலகப் படங்கள் எல்லாம் மூலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் இருந்தன. அதற்கு சர்வர் என்று பெயர், மேலே ஒரு பூத்துண்டு போர்த்தியிருக்கும். எங்கள் ஊர்க் காற்றில் இரும்பு எதுவும் நிம்மதியாக இருக்காது. வாங்கி வைத்த இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகளும் செருகும் வாய் பச்சை பூத்துச் செத்துப்போயிருந்தன. ஒருநாள் அந்த சர்வரின் டிஸ்க்கும் டிக், டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அண்ணாச்சி காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னொரு டப்பா வாங்கி என்னத்துக்குளா? அதுவும் துருப்புடிக்கும். கடக்காத்து படாத எடத்துல வைக்க வழி இருக்கா?"

"கிளவுட்ல வைக்கலாம் அண்ணாச்சி."

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

"நம்மகிட்டதான்."

"அப்ப வை."

ஞாயிற்றுக்கிழமை இதை வீட்டில் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "ஏளா, அன்னைக்கு எடுத்த படமும் அதுல இருக்குமா?"

"இருக்கும்மா."

"கையில என்ன எழுதியிருந்தாருன்னு பாரு."

இவ்வளவுதான் கேட்டாள். கோபத்தோடு போனாரா, கண்ணாடி ஞாபகத்தில் இருந்ததா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கே உட்கார்ந்தேன். பிரவுசர் வழியாக ஏற்றிப் பார்த்தால் நூறு படத்துக்கு ஒருமுறை அறுந்துபோனது. கட்டளைக் கருவி என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் சர்வரில் இருந்த விண்டோஸ் என் பள்ளிக்கூட நாளைச் சேர்ந்தது. கருவியின் புதுப் பதிப்பு அதில் ஏற மறுத்தது. தேடிப் பழைய பதிப்பைப் பிடித்து நிறுவி, கட்டளையை அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. மறுபடி நிறுவினேன், மறுபடியும் கிடையாது என்றது. கருப்பு ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்திருந்தாலே போதும் என்று தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் ஆயிற்று. பக்கத்தில் டிஸ்க் டிக், டிக் என்று கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்கு எதிர் நாற்காலியில் டாக்குமெண்டேஷன் அக்கா இருந்தாள். கப்பல் காகிதங்களை எல்லாம் தயார் செய்வது அவள்தான். இருபது வருடமாக அதையே செய்து, அவளுக்கு இரண்டு பழக்கம் ஊறிப்போயிருந்தது. எந்த மெயிலானாலும் சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் நகல் போடுவாள், அவள் பாஷையில் சிசி. கொழும்பில் பெட்டி மாறுவதால் கொழும்பு ஏஜெண்டுக்கு, இறங்குகிற ஊர் ஏஜெண்டுக்கு, வாங்குகிறவருக்கு, லாரிக்காரருக்குக்கூட. மதியம் சாப்பாட்டுக்குப் போகிறேன் என்று எழுதினாலும் ஏழு பேருக்கு நகல் போகும் என்று நான் கேலி செய்வேன். இன்னொன்று, எந்தப் படிவத்தில் இடம் என்று கேட்டாலும் எங்கள் துறைமுகத்தின் குறியீட்டை எழுதிவிடுவாள்: ஐ, என், டி, யூ, டி. உலகத்தில் எல்லாத் துறைமுகத்துக்கும் இப்படி ஐந்து எழுத்து உண்டு, அவளுக்கு அதில் பாதி மனப்பாடம்.

ரகசியச் சாவி ஒரே ஒரு தடவைதான் திரையில் காட்டப்படும், குறித்துக்கொள்ள வேண்டும் என்றேன். அக்கா எழுந்தே வந்துவிட்டாள்.

"மூணு காப்பி எடுத்துரவா? அண்ணாச்சிக்கு ஒண்ணு, ஃபைலுக்கு ஒண்ணு. பார்ட்டிங்களுக்குச் சிசி போட்டுருதேன்."

"யக்கா, அது ரகசியச் சாவி. பேர்லயே ரகசியம்னு இருக்குல்லா!"

"நாளைக்கு ஒன் கம்ப்யூட்டர் போச்சுன்னா? நாலு பேருகிட்ட இருந்தாத்தான பொருளு பத்திரம்?"

அவளை விரட்டாத குறையாக உட்கார வைத்தேன். அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் தலைக்கு மேலே இருந்தது.

சாவி இரண்டையும் ஒட்டினேன். மூன்றாவது கேள்வி வந்தது. வட்டாரம்?

"எந்த எடம்னு கேக்குதுக்கா."

"ஐ என் டி யூ டி போடு," என்றாள், தலையைத் திருப்பாமலே.

நானும் போட்டேன். யோசிக்கவே இல்லை. அந்த அலுவலகத்தில் இருபத்துநான்கு மாதம் உட்கார்ந்தவளுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? கருவியும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டது. அந்த கிளவுட் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் இல்லை, மும்பையில்தான் இருக்கின்றன, மும்பைக்கு அவர்கள் வைத்திருக்கும் குறியீட்டைத்தான் எழுத வேண்டும் என்று அது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினொன்றரை மணி. ஏற்றுகிற கட்டளையை அடித்தேன். இணைக்க முடியவில்லை என்று ஒரு நீள வரி வந்தது. இன்டர்நெட் தகராறு என்று முடிவு கட்டினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னவர் மூன்று மணிக்கு வந்து, ஏணி போட்டு ஏறி, வயரைத் தொட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று இறங்கினார். நான் கருவியை அழித்து மறுபடியும் நிறுவினேன். மறுபடியும் நான்கு கேள்வி, மறுபடியும் அதே ஐந்து எழுத்து. மறுபடியும் அதே வரி. மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

அக்கா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் கப்பல் காகிதத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் தேடுகிற கண் இருந்தது. அந்த நீள வரியை விரலால் தொட்டுத் தொட்டு எழுத்து எழுத்தாகப் படித்தாள். நடுவில் விரல் நின்றது.

"நம்ம போர்ட்டு கோடுல்லா இது? இது எதுக்குளா இங்கன கெடக்கு?"

நாலரை மணி நேரமாக அந்த ஐந்து எழுத்தும் பிழைச் செய்தியின் நடுவிலேயே இருந்திருக்கிறது. தினமும் நூறு தாளில் பார்க்கிற எழுத்து என்பதால் என் கண்ணில் படவில்லை. மும்பைக் குறியீட்டைத் தேடி மாற்றினேன். மணி நாலு. அடித்த நொடியில் ஒவ்வொரு படமாக வரிசையில் ஏற ஆரம்பித்தது. அக்காவைக் கட்டிப் பிடித்துக் குதித்தேன். அண்ணாச்சி எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மேகரூன் வாங்கிவரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார்.

பழைய வருடத்திலிருந்து வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவின் கடைசி வருடத்தை முதலில் ஏற்றச் சொல்லி நான் கட்டளை கொடுத்திருக்கலாம். அதைவிட, அந்த ஒரு நாளின் படங்களை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டிருக்கலாம், ஒரு நிமிடம்தான் ஆகும். இரண்டு வருடமாக என் நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில் அந்தப் படம் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றிருந்ததால் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால் பயம். உள்ளங்கை வெறுமையாக இருந்துவிட்டால் அம்மாவிடம் போய் என்ன சொல்வேன்?

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டிக் டிக் சத்தம் நின்றது. டிஸ்க் சரியாகிவிட்டது என்று அரை நொடி நினைத்தேன். திரையில் வரிகளும் நின்றிருந்தன. அப்பாவின் கடைசி வருடத்துக்கு முந்தைய வருடத்தின் நவம்பர் மாதம் வரை ஏறியிருந்தது. அதற்குப் பிறகு அந்த டிஸ்க் பேசவே இல்லை. மதுரையில் டிஸ்க் பழுது பார்ப்பவர்களுக்கு அனுப்பினோம். உள்ளே தட்டு முழுக்கக் கீறியிருக்கிறது, ஒன்றும் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "சரி, விடு," என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நாலரை மணி நேரத்தை நினைத்து நினைத்து எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்கியது. அலுவலகத்தில் ஒருநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடி, அம்மா பேசாதது, கையில் எழுதியது எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே இருந்தவள், நான் முடிக்கும் முன்பே நாற்காலியைத் திருப்பித் தன் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

"அன்னைக்குப் போட்ட பெட்டி ஹாம்பர்க்குக்குப் போன நிலாவரை," என்றாள். "ஒங்கப்பா போட்டோ அனுப்பினது பதினொண்ணு அஞ்சுக்கு. நான்தான் ஃபார்வேர்டு பண்ணுனேன். அரை மணி நேரம் கழிச்சுத்தான் யார்டுல இருந்து போன் வந்துச்சு."

"அந்த மெயில் இருக்காக்கா?"

"நம்மகிட்ட இல்ல. ஒரு வருசம் ஆனா மெயில் பெட்டி நெறஞ்சுரும், அழிச்சிருவோம்லா." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா நான் சிசி போட்டிருப்பேன்ளா."

அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் கேட்கவில்லை அவள். அப்பாவின் கடைசி வருடத்து வேலைகள் அத்தனையையும் பதிவேட்டைப் பார்த்து எடுத்து, ஒவ்வொரு ஊர் ஏஜெண்டுக்கும் எழுதினாள். எங்கள் கோப்புக்காகப் பழைய படங்களைத் தயவுசெய்து மறுபடி அனுப்பவும். வழக்கம்போல எல்லோருக்கும் நகல். இந்தத் தடவை நான் கேலி செய்யவில்லை.

முதலில் கொழும்பிலிருந்து வந்தது. அப்புறம் துபாய், அப்புறம் சிங்கப்பூர். யாரென்றே தெரியாத மனிதர்கள், நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம் என்று ஒரு வரி எழுதி, கீழே இணைத்திருந்தார்கள். திறந்தால் அப்பாவின் கை. கோணல் நகம், நீல மை, சீல். ஒன்றில் பச்சரிசி என்று எழுதியிருந்தது. ஒன்றில் என் பெயரும் செமஸ்டர் பீஸ் கட்டும் தேதியும் இருந்தன. அப்பா கப்பலில் கால் வைத்தவரே இல்லை. திருச்செந்தூருக்கு அப்பால் போவதற்கே அலுத்துக்கொள்வார். அவர் கை மட்டும் இத்தனை ஊரில் போய் உட்கார்ந்திருந்தது. வந்ததை எல்லாம் வரவர நான் கிளவுடில் ஏற்றினேன், ஒரு பிரதி வீட்டிலும் வைத்தேன்.

ஹாம்பர்க் மட்டும் வரவில்லை, கொழும்பிலும் அந்தப் பெட்டியின் மெயிலை அழித்திருந்தார்கள். இரண்டு வாரம் ஆயிற்று. அக்கா மூன்று தடவை நினைவூட்டினாள். நான் விட்டுவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மெயில் வந்தது. லீவில் இருந்தாராம் ஹாம்பர்க் ஏஜெண்ட், மன்னிப்புக் கேட்டிருந்தார். நான்கு படம். நான் முதல் மூன்றையும் பார்க்கவில்லை. நான்காவதைத் திறக்காமலே போனில் இறக்கிக்கொண்டு, அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். இதை அம்மாதான் முதலில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அம்மா போனைக் கையில் வாங்கி, முதலில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். படத்தை விரலால் பெரிதாக்கினாள். சீலின் எண், அதைச் சுற்றி மடங்கிய நான்கு விரல். உள்ளங்கையின் அடியில், கட்டைவிரல் மேட்டில், முந்தின நாள் எழுதி மங்கிப்போன எழுத்தின் மேலேயே அன்று காலையில் மறுபடி அழுத்தி எழுதியிருந்தார். கண்ணாடி. அதற்குக் கீழே இரண்டு கோடு.

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"ரெண்டு கோடு போட்டிருக்காரு," என்றாள்.

"ஆமாம்மா."

"இது எங்கன எங்கன எல்லாம் போயிருக்கு?"

ஹாம்பர்க், கொழும்பு, வாங்கினவர், லாரிக்காரர் என்று எண்ணிச் சொன்னேன். மொத்தம் ஏழு பேர்.

"அத்தன பேரும் பாத்திருப்பாங்களா?"

"சீல் நம்பரைப் பாக்கணும்லாம்மா. பாத்திருப்பாங்க."

"என் கண்ணாடி வெசயம் ஏழு பேருக்குத் தெரிஞ்சிருக்கு," என்று சொன்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி போனை வாங்கினாள்.